நிலை வைத்த மடம்

இரஞ்சிதம் மடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று சம்பளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனைதான் போட்டாள்.

"சாகக் கிடக்கிறவையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியில போடு எண்டு என்னட்டை ஒருநாளும் சொல்லக்கூடாது. அதுக்குச் சம்மதமெண்டால் நாளைக்கே வந்து அடுப்பு மூட்டுறன்."

மடத்தை நடத்திய சபைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சமையலுக்கு ஆள் கேட்டால், வந்த பெண் முதல் வார்த்தையிலேயே சாவை இழுக்கிறாளே என்று அவர்களுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அப்போது சபைத் தலைவராக இருந்த கிழவர் மட்டும் சிரித்தார்.

"பஞ்சமிக்குப் பயந்துதானே கேக்கிறாய்? பயப்பிடாதை பிள்ளை. இது மடம். நிலையும் இல்லை, கதவும் இல்லை. நிலை இல்லாத இடம் தெருவுக்குச் சமன். தெருவுக்கு ஏது பஞ்சமி?"

அவர் சொன்னது உண்மைதான். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில், காடு விலகி வயல் தொடங்குகிற இடத்தில் அந்த மடம் இருந்தது. வண்டிக்காரரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களும் இறங்கிக் களைப்பாறட்டும் என்று பழைய காலத்துத் தருமவான் ஒருவர் கட்டிவைத்தது. பின்பக்கம் ஒரு கற்சுவர், மற்ற மூன்று பக்கமும் தடித்த தூண்கள், மேலே ஓடு. அவ்வளவுதான். லொறி ஓடத் தொடங்கியபிறகு வண்டிக்காரர் வரவு நின்றுபோனது. ஆனால் வந்து தங்கியவர்களில் போக்கிடம் இல்லாத கிழடுகள் சில எழும்பிப் போகவேயில்லை. அவர்களைப் பார்த்து வேறு சிலரும் வந்தார்கள். யாரும் தீர்மானம் எடுக்காமலே அது வயோதிபர் மடமாகிவிட்டது.

இரஞ்சிதம் ஏன் அப்படியொரு நிபந்தனை போட்டாள் என்பதற்கு நெடுங்கேணிக்குப் போகவேண்டும். குடியேற்றத்தில் காணி கிடைக்கும் என்று நம்பி, அவளும் புருஷன் சிற்றம்பலமும் தீவுப்பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்து, நெடுங்கேணியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். காடு வெட்டப் போன சிற்றம்பலம் காய்ச்சலோடு திரும்பினான். காய்ச்சல் விடவில்லை. அவிட்ட நட்சத்திரம் தொடங்கி ரேவதி முடிகிறவரைக்கும் உள்ள நாட்களைத்தான் பஞ்சமி என்பார்கள். அந்த நாட்களில் ஒருவர் வீட்டுக்குள்ளே செத்தால் பிணத்தை வாசல் நிலையால் கொண்டுபோகக் கூடாது. சுவரை உடைத்து அந்த வழியால்தான் எடுக்கவேண்டும். அதற்குப் பிறகு வீட்டைப் பூட்டி, ஆறு மாதத்துக்கு ஒருவரும் உள்ளே படுத்தெழும்பக் கூடாது. மீறினால் அதே வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழும் என்று நம்பிக்கை. நம்பிக்கை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சுவர் உடைத்த வீட்டில் படுத்துப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

அந்தச் சொந்தக்காரர் கெட்ட மனிதரில்லை. காலையில் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பின்னேரம் மாட்டுக்கொட்டிலைக் கூட்டித் துப்புரவாக்கி, புதுப்பாய் விரித்து, "இஞ்சை காத்தோட்டம் நல்லம்" என்று சொல்லி, சிற்றம்பலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார். மாடுகளை அவிழ்த்து வேறிடத்தில் கட்டுகிற அளவுக்கு மரியாதை தெரிந்தவர். சிற்றம்பலத்துக்கு நினைவு தெளிவாக இருந்தது. தன்னை ஏன் வீட்டுக்குள்ளே வைத்திருக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இரஞ்சிதம் அவன் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அப்படியே அவன் முடிந்துபோனான்.

மடத்துக்கு வந்த பிறகு அவளுக்கு அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அங்கே எந்த நட்சத்திரத்திலும் சாகலாம். செத்தவர்கள் எல்லோரும் கூரைக்குக் கீழே, தங்கள் தங்கள் பாயில், அவள் கையால் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார்கள். தூண்களுக்கு நடுவே பாடையைத் தூக்கிக்கொண்டு நேரே றோட்டில் இறங்குவார்கள். ஒருவரும் பஞ்சாங்கத்தைத் தொடுவதில்லை. ஊரில் வீடும் வளவும் உள்ளவர்களுக்குக் கிடைக்காத சலுகை இது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

குறை ஒன்றே ஒன்றுதான். மாரி. மழை மூன்று பக்கத்தாலும் உள்ளே வந்துவிடும். கிழவர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு பின்சுவரோடு ஒட்டி நிற்பார்கள். ஒருமுறை நரி ஒன்று நடுமடத்தில் வந்து படுத்திருந்தது. பழைய தலைவர் காலமாகி, ஓய்வுபெற்ற ஓவசியர் கதிர்காமநாதன் தலைவராக வந்தபோது இரஞ்சிதம் துணிந்து கேட்டுவிட்டாள்.

"ஐயா, மூண்டு பக்கமும் ஒரு சுவர் வைச்சு, ஒரு கதவும் போட்டுத் தந்தியளெண்டால் இதுகள் மாரியில நடுங்காமல் படுக்குங்கள்."

கேட்டது அவள்தான். இதைப் பின்னால் யாரும் அவளுக்குச் சொல்லிக் காட்டவில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கதிர்காமநாதனுக்கு அந்தப் பேச்சு தேனாக இனித்தது. மனிதர் உத்தியோக காலம் முழுவதும் கட்டியது மதகும் பாலமும். சனம் படுத்தெழும்புகிற கட்டடம் ஒன்று தன் கையால் எழும்ப வேண்டும் என்று அவருக்குக் கனநாள் ஆசை. சுவரும் கதவும் கேட்டவளுக்கு அவர் பெரிய மண்டபமே தருவதாகச் சொன்னார். பழைய மடத்தைச் சுவர் வைத்து அடைத்து, வடக்குப் பக்கம் புது மண்டபம் நீட்டி, அதோடு சேர்த்துச் சமையலுக்குக் குசினி. அரசாங்கத்திலும் கேட்டார், ஊரிலும் கேட்டார். அறுபத்திரண்டாம் ஆண்டு சித்திரை கழிய அத்திவாரம் வெட்டினார்கள்.

மேசன் மயில்வாகனம் தன் ஆட்களோடு வந்து, பின்வளவில் சுண்ணாம்புக் கிடங்குக்குப் பக்கத்தில் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார். சீமெந்துப் பைகளும் அங்கேதான், ஆட்கள் படுக்கிறதும் அங்கேதான். நல்ல வேலைக்காரர். கல்லை வைத்துவிட்டு ஒருமுறை தட்டிப் பார்த்துத்தான் அடுத்ததை எடுப்பார்.

மடத்தில் இருந்தவர்களில் வாய்க்காரர் வீரகத்தி. றெயில்வேயில் கேற் காவலாளியாக இருந்தவர். பெண்சாதி பிள்ளை இல்லை. தூணில் சாய்ந்துகொண்டு றோட்டால் போகிற எல்லோரையும் கூப்பிட்டுக் கதைப்பது அவருக்குத் தொழில். சுவர் எழும்பத் தொடங்கியதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"பிள்ளை, நான் முப்பது வரியம் கேற் பூட்டித் திறந்தவன். கேற் எண்டு ஒண்டைப் போட்டால் அதைப் பூட்டுறதுக்கு ஒரு ஆள் வந்திடுவான். பிறகு அவன் சொல்லுறதுதான் சட்டம்."

"உங்களுக்கு எதிலதான் குறை இல்லை அப்பு? மாரிக்குள்ள பாருங்கோ, இந்த வாயாலையே புகழுவியள்."

சுவர் இடுப்புயரம் வந்தது. றோட்டால் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன வீரகத்தியர், இருக்கிறியளோ?" என்று கேட்டார்கள். கழுத்துயரம் வந்ததும் சைக்கிள் மணியை மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். தலைக்கு மேலே போனதும் அதுவும் நின்றுவிட்டது. மடத்துக்குள்ளே பகலிலும் அரையிருட்டு வந்து குந்திக்கொண்டது. ஒருவர் இருமினால் அது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. தங்கள் இருமல் சத்தமே கிழவர்களுக்குப் பயமாக இருந்தது. இரஞ்சிதம் அதைக் கவனித்தாள். புதுச்சுவர் பழகப் பழகச் சரியாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

நிலை வைக்கிற நாளுக்கு ஐயர் வந்தார். முதிரை மரத்தில் இழைத்த நிலை மஞ்சளும் குங்குமமுமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஐயர் அதைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

"மடத்துக்கு நிலை வைச்சு நான் காணேல்லை, ஓவசியர். இதுக்கு என்ன முறையில செய்யிறது?"

"மடம் எண்டு நினையாதேங்கோ ஐயா," என்றார் கதிர்காமநாதன். "வீடு எண்டு நினைச்சு ஒரு குறையும் இல்லாமல் செய்யுங்கோ. நிலை வைப்பு, கெட்டது போகக் கழிப்பு, பால் காய்ச்சிக் குடிபுகுதல், எல்லாம் வேணும். இந்தச் சனத்துக்கு வேறை வீடு எங்கை இருக்கு?"

கேட்டுக்கொண்டிருந்த கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். தாலியறுத்தவள் என்று பின்னால் ஒதுங்கி நின்ற இரஞ்சிதம் நிலையை எட்டிப் பார்க்க ஓரடி முன்னால் வந்தாள். அந்தப் பேச்சில் ஒரு பிழை இருக்கிறது என்று அங்கே நின்ற ஒருவருக்கும் படவில்லை. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஐப்பசி வளர்பிறையில் உத்தரட்டாதி நல்ல நாள் என்று குடிபுகுதலுக்கு நாள் வைத்தார். குடிபுகுவதற்கு அது உண்மையிலேயே நல்ல நட்சத்திரம்.

அதற்குப் பிறகுதான் ஓவசியர் ஒருநாள் குசினிப் பக்கம் வந்து, செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"இரஞ்சிதம், குடிபுகுதல் முடியும்வரைக்கும் கட்டடத்தில ஒரு கறையும் படக்கூடாது எண்டு ஐயர் சொல்லுறார். ஆருக்கும் கடுமையான சுகவீனமெண்டால் அதுமட்டும் அந்தக் கொட்டிலில வைச்சிருப்பம். பிறகு உள்ளுக்க எடுக்கலாம்."

"ஐயா, நான் வேலைக்கு வரேக்கை..."

"எனக்குத் தெரியும். சாகக் கிடக்கிறவை எண்டு நான் சொல்லேல்லை. சுகமில்லாதவை எண்டுதான் சொல்லுறன். அரசாங்கக் காரியாதிகாரி வந்து மண்டபத்தைத் திறக்கப்போறார். நாங்கள் எல்லாருமாய்ப் பாடுபட்டது வீணாய்ப் போகக்கூடாது பார்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுவாரம் அப்புத்துரைக் கிழவருக்கு நெஞ்சுச்சளி கட்டியது. மயில்வாகனத்தின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, பாயோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். இரஞ்சிதம் இரவு பகலாக அங்கேயே கிடந்து, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்து ஆளை எழுப்பிவிட்டாள். அப்புத்துரை திரும்பி வந்தார். ஆனால் வந்தவர் ஒருவரோடும் கதைக்கவில்லை. கொட்டில் எப்படி என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றோடு மடத்தில் இருமல் நின்றுவிட்டது.

முதலில் இரஞ்சிதம் சந்தோஷப்பட்டாள். எல்லோரும் சோற்றை மிச்சம் விடாமல் சாப்பிட்டார்கள். ஓவசியரைக் கண்டால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "எப்பிடிச் சுகம்?" என்றால் "ஒரு குறையுமில்லை ஐயா" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு ஒருநாள் பாய்களை உதறும்போது, நாகேஸ்வரி ஆச்சியின் தலைமாட்டில் சேலைத்துண்டு ஒன்று பந்தாகக் கிடந்தது. நாகேஸ்வரி செட்டிகுளத்தில் மருத்துவிச்சியாக இருந்தவள். எவருக்கும் பயப்படாதவள் என்று பெயர். இருமல் வந்தால் அவள் அந்தத் துணியை வாய்க்குள் அடைத்துக்கொள்கிறாள். துணியில் பற்கள் பதிந்திருந்தன. இரஞ்சிதம் துணியோடு சுற்றிவரப் பார்த்தாள். நல்ல சுகமாக இருக்கிறோம் என்று காட்டிக்கொண்டு அத்தனை முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கும் பயந்துதான் அவர்கள் அப்படி இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குடிபுகுதலுக்குச் சில நாள் இருக்கையில் வீரகத்திக்குக் காய்ச்சல் வந்தது. அவர் துணியெல்லாம் கடிக்கவில்லை. இரஞ்சிதத்தைக் கூப்பிட்டு நேரேயே சொன்னார்.

"பிள்ளை, எனக்கு முடியப்போகுது. இது எழும்புற காய்ச்சல் இல்லை. என்னை அந்தச் சுண்ணாம்புக் கிடங்குக்குப் பக்கத்தில கொண்டுபோய்ப் போட்டிடாதை."

"போடமாட்டன் அப்பு."

"சத்தியமாய்?"

"சிற்றம்பலத்தின்ரை ஆணை."

புருஷன் பேரை அவள் வாயால் சொன்னது அன்றுதான். அன்றிலிருந்து அவருடைய காய்ச்சலை மறைப்பதே அவளுக்கு வேலையாகிப் போனது. ஓவசியர் வருகிற நேரம் பார்த்து முகம் துடைத்து, திருநீறு பூசி, தூணோடு சாய்த்து உட்கார்த்திவிடுவாள். மற்றவர்கள் கேட்காமலே ஒத்தாசை செய்தார்கள். ஒருவர் அவருக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாகக் கதைத்தார். ஒருவர் அவர் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டார். அப்படி ஒரு ஒற்றுமையை அந்த மடம் அதற்கு முன் கண்டதில்லை.

குடிபுகுதல் நாள் மழை விட்டிருந்தது. வாழை, தோரணம், நாதஸ்வரம். ஊர்ச் சனம் புது மண்டபம் முட்ட நின்றது. இரஞ்சிதம் வீரகத்தியை ஈரத்துணியால் துடைத்து, வெள்ளை வேட்டி உடுத்தி, சால்வை போர்த்து, புது மண்டபத்தின் மூலையில் ஒரு கதிரையில் இருத்தினாள். பக்கத்தில் நாகேஸ்வரி ஆச்சி. பின்னால் இரஞ்சிதம். சுமங்கலிப் பெண்கள் நடுமண்டபத்தில் புதுப்பானையில் பால் வைத்தார்கள். ஐயர் திதி, வாரம், நட்சத்திரம் எல்லாம் சொல்லிச் சங்கற்பம் செய்தார்.

பால் பொங்குகிற நேரம் எல்லோரும் முன்னால் நெருக்கினார்கள். "பொங்கிட்டுது, பொங்கிட்டுது" என்று சத்தம். இரஞ்சிதத்தின் கை வீரகத்தியின் தோளில் இருந்தது. அந்தக் கைக்குக் கீழே ஏதோ ஒன்று தளர்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள். கண் பாதி மூடியிருந்தது. மூச்சு இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது துக்கமில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதி. அவர் கண்களை மூடிவிட்டு, சால்வையை நாடிவரை இழுத்துவிட்டாள்.

நாகேஸ்வரி ஆச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் உயிர் வந்ததும் போனதும் கண்டவளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"பிள்ளை," என்று உதடு அசையாமல் சொன்னாள், "கதிரையோட தூக்கிக் கொண்டுபோய் வெளியில வை. வெளியிலதான் சீவன் போனது எண்டு நான் சொல்லுறன். இண்டைக்கு உத்தரட்டாதி. ஐயர் சொன்னது காதில விழேல்லையோ?"

இரஞ்சிதத்துக்கு விழுந்ததுதான். ஆனால் அவள் மனதில் பழைய தலைவரின் சிரிப்பு உறுதியாக இருந்தது.

"மடத்துக்குப் பஞ்சமி இல்லை ஆச்சி. செத்த பிறகும் இவரை வெளியில போடவோ? நான் மாட்டன்."

காரியாதிகாரி ஒவ்வொருவராகச் சுகம் விசாரித்துக்கொண்டு வந்தார். வீரகத்திக்கு முன்னால் நின்றார்.

"ஐயா நித்திரையோ?"

"ஓம் ஐயா. வெள்ளன எழும்பினவர். களைச்சுப்போனார்."

"எழுப்பாதேங்கோ. இப்பிடி நிம்மதியாய் நித்திரை கொள்ளட்டும் எண்டுதானே ஓவசியர் இந்த மண்டபத்தைக் கட்டினவர்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவர் அடுத்தவரிடம் போனார். பக்கத்தில் வந்த கதிர்காமநாதனின் முகம் பெருமையில் மலர்ந்திருந்தது.

விருந்தாளிகள் போன பிறகு இரஞ்சிதம் ஓவசியரிடம் சொன்னாள். எப்போது சீவன் போனது என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை. பால் பொங்கும்போது என்றாள். கதிர்காமநாதன் அப்படியே பக்கத்து மரவாங்கில் இருந்துவிட்டார். தட்சணை வாங்கி மடித்துக்கொண்டிருந்த ஐயரின் கை நின்றது.

"ஐயா, மடத்துக்குப் பஞ்சமி இல்லையெண்டு முந்தின தலைவர்..." என்று தொடங்கினாள்.

"மடத்துக்கு இல்லைத்தான்," என்றார் ஐயர். அவருக்கும் சொல்ல மனமில்லை என்பது தெரிந்தது. "நிலை வைச்சு, கழிப்புக் கழிச்சு, பால் காய்ச்சிக் குடிபுகுந்தாப் பிறகு இது வீடு. நான்தானே செய்து வைச்சனான்."

ஓவசியர் கண் கலங்கினார். அவர் நடித்தவரில்லை. ஊரிலே இருந்துகொண்டு ஊரின் முறையை மீற அவருக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். பின்னேரம் மயில்வாகனம் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். தான் தட்டித் தட்டி வைத்த சுவரைத் தானே உடைக்க வேண்டியிருந்தது. வடக்குச் சுவரில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை போட்டார். சாந்து இன்னும் சரியாக இறுகவில்லை. கற்கள் இலேசாகக் கழன்று வந்தன. அந்த ஓட்டையால் வீரகத்தி கால் முன்னே போனார். அதற்குக் கிடுகு வைத்து மறைத்தார்கள். முதிரைக் கதவைச் சாத்தி ஓவசியர் பூட்டுப் போட்டார். ஒரே வாசலுக்குள் அகப்பட்ட பழைய மடமும், மண்டபத்தோடு சேர்த்துக் கட்டிய குசினியும் அந்தப் பூட்டுக்குள் போயின.

மடத்துச் சனம் முழுவதும் மேசன்மார் விட்டுப்போன கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது. ஒருவரை மட்டும் வெளியே விடமாட்டேன் என்று நின்றாள் இரஞ்சிதம். இப்போது ஒருவர்கூட உள்ளே இல்லை.

வேறு இடம் பார்க்காமல் இல்லை. ஓவசியர் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். பஞ்சமி விழுந்த இடத்திலிருந்து வருகிற ஆட்களை ஏற்க ஊரில் யாருக்கும் மனமில்லை. தோரணம் கட்ட வந்தவர்கள் எல்லோரும் படலையைச் சாத்தினார்கள். இரஞ்சிதம் மரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்துச் சமைத்தாள். கார்த்திகை பிறந்தது. வன்னியில் கார்த்திகை மழை எப்படியென்று சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புக் கிடங்கு நிரம்பி, வெள்ளைத் தண்ணீர் கொட்டிலுக்குள் வந்தது. கிழவர்களின் கால் வெடித்துப் புண்ணாயிற்று. இப்போது எல்லோரும் தாராளமாக இருமினார்கள். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

நாகேஸ்வரி ஆச்சிக்குக் காய்ச்சல் ஏறியது. ஒரு பின்னேரம் காற்றோடு வந்த மழையில் கொட்டிலின் ஒரு பக்கக் கிடுகு முழுவதும் பறந்துபோனது. கிழவர்கள் நனைந்துகொண்டு குந்தியிருந்தார்கள். பத்தடி தள்ளிப் புது மண்டபம், ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்காத ஓட்டுக் கூரையோடு, சும்மா நின்றது. இரஞ்சிதத்துக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பஞ்சமியாவது மண்ணாவது என்று ஓடிப்போய் ஓட்டையை மறைத்த கிடுகை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தாள். உள்ளே இறங்கி நின்று பார்த்தாள். காய்ந்த தரை. பால் பொங்கி வழிந்த கறைகூட அப்படியே இருந்தது.

"வாங்கோ!" என்று கூப்பிட்டாள். "எல்லாரும் வாங்கோ. பூட்டு ஓவசியற்றை. இந்த வழி திறந்துதானே கிடக்கு. அப்புத்துரை அண்ணை, நீங்கள் முதல்ல வாங்கோ."

ஒருவரும் அசையவில்லை. மழைக்குள் இருந்து அவளையே பார்த்தார்கள். சவம் போன வழியில் நின்றுகொண்டு வா வா என்று கைகாட்டுகிற ஒருத்தியைப் பார்க்கிற பார்வை அது. இத்தனை வருடம் அவள் கையால் கஞ்சி குடித்தவர்கள் அவளுக்குப் பயந்து ஒருவரோடொருவர் நெருங்கி இருந்தார்கள். அவள் இறங்கி வந்து நாகேஸ்வரியைத் தூக்கப் போனாள். காய்ச்சலில் கிடந்த கிழவி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"விடு பிள்ளை. அந்த ஓட்டையால என்னைக் கொண்டு போகாதை. நான் உயிரோட இருக்கிறன்."

"ஆச்சி, நனைஞ்சு சாகப்போறியள்!"

"அது என்ரை சாவு. உள்ளுக்க போனால் இவ்வளவு பேரின்ரை சாவும் என்ரை தலையில."

அதற்கு மேல் இரஞ்சிதத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பறந்துபோன கிடுகுகளைப் பொறுக்கி வந்து ஆச்சிக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். மழை விடவேயில்லை. விடிகிற நேரம் ஆச்சியின் இருமல் நின்றது. இரஞ்சிதம் கிடுகை இறக்கி வைத்துவிட்டு, ஈரச்சேலையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

வெளிச்சம் வந்ததும் ஓவசியர் குடையோடு வந்தார். கொட்டிலின் கோலத்தைப் பார்த்தார். ஓட்டையில் கிடுகு இல்லாததைப் பார்த்தார். நிலத்தில் போர்த்துக் கிடந்ததைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அவர் உதடு எதையோ கணக்குப் பார்த்தது.

"இண்டைக்குப் பூசம், பஞ்சமி இல்லை," என்றார் மெதுவாக. பிறகு பெருமூச்சு விட்டார். "நல்ல காலம், ஆச்சி உள்ளுக்க இருக்கேல்லை. இருந்திருந்தால் அடுத்த சாவும் அந்த வீட்டுக்குள்ளதான் விழுந்திருக்கும்."

இரஞ்சிதம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவரைத் தின்றுவிடலாம் போல இருக்க வேண்டும். நெடுங்கேணியில் மாட்டுக்கொட்டிலைக் கூட்டிய மனிதரைப் பார்த்து எரிந்த மனம் இப்போதும் எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. அவர் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னாலேயே, ஆச்சியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அதே நினைப்பு அவளுக்கும் வந்து போயிருந்தது.